வாசல் இருக்கிறது, வழி தெரியவில்லை
பெங்களூர்த் தமிழரும் மனநல சிகிச்சையும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் வரும் பஸ், டெய்ரி சர்க்கிளை அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மதிலை ஒட்டிச் செல்கிறது. அதுதான் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம். மைசூர் அரசின் பழைய மனநோய் ஆஸ்பத்திரியும், 1954ல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் 1974ல் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவான நிறுவனம் அது. கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றி ஆந்திரம், கேரளம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி அங்கே வருகிறார்கள்.

ஆனால், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது வேறு. ஸ்ரீராமபுரத்திலோ, சிவாஜிநகரிலோ, பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை அறையிலோ ஒருவருக்கு மனம் பேதலித்தால், வீட்டார் முதலில் எண்ணுவது சொந்த ஊரைத்தான். "ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். நோயாளி ஓசூர் பஸ்ஸில் ஏற்றப்படுகிறார். சிகிச்சை கிடைக்கும் இடத்தின் மதிலைக் கடந்தே அந்த பஸ் போகிறது.

இதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. வாசல் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, என்ன செலவாகும், எந்த மொழியில் பேசுவது, வேலை போய்விடாதா என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரியாத தொழிலாளி வேறென்ன செய்வார்?

எண்கள் சொல்வது என்ன?

நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 100க்கு 10 பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநோயுடன் வாழ்வதாகக் கண்டது. கிராமப்புறத்தில் இது 7 சதவீதத்தை ஒட்டி இருக்க, பெருநகரங்களில் 13.5 சதவீதமாக இருந்தது. பிழைப்புத் தேடி வருபவர் வந்து சேர்வது பெருநகரத்துக்குத்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதே ஆய்வின் இன்னொரு முடிவு.

தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்கு இதைவிடக் கவலை தருவது. 2022ல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் கால்பங்குக்கு மேற்பட்டோர் தினக்கூலிகள். கடன், குடும்பச் சச்சரவு, குடி, தீராத நோய் என்று காரணங்கள் பல. எனினும், தக்க நேரத்தில் ஒருவரிடம் பேசவும் மருந்து பெறவும் வாய்ப்பிருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதே இத்துறை மருத்துவர்களின் உறுதியான கருத்து.

தலைவலியில் தொடங்கி

மனநோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பீன்யாவில் லேத் இயந்திரத்தில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவில் தூக்கம் வருவதில்லை, தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறார். பிறகு ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ஸ்கேன் என்று பணம் போகிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்றுமில்லை என்ற பதிலோடு வீடு திரும்புபவருக்கு முன்னிலும் அதிகமாகப் பயம் பிடிக்கிறது. சிலர் தூக்கத்துக்காக இரவில் ஒரு குவார்ட்டர் என்று தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் நோய் இரண்டாகிவிடுகிறது.

அலுவலகக் குமாஸ்தாவின் கதையும் இதேதான். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், வேலை நகராது. மேலதிகாரிக்கு அது சோம்பலாகத் தெரியும். வீட்டில் மனைவிக்கு அது கோபமாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் அது வெறும் வருத்தம் என்று விட்டுவிடத் தக்கதல்ல. இதை அவரிடம் சொல்ல யாருமில்லை.

மொழிதான் இங்கே ஸ்டெதஸ்கோப்

கால் ஒடிந்தவர் மொழி தெரியாத ஊரிலும் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ரே எல்லா மொழியையும் பேசும். மனநோய்க்கு அப்படி ஒரு படம் கிடையாது. நோயாளி சொல்வதும் சொல்லாமல் விடுவதும்தான் டாக்டருக்குக் கிடைக்கும் பரிசோதனை முடிவு. ஆகவே, இந்த வைத்தியத்தில் மொழி பிசகினால் நோயை அறிவதே பிசகிவிடும்.

பெங்களூரில் பல ஆண்டு வாழ்ந்த தமிழருக்குக் கன்னடம் தெரியாது என்பதில்லை. காய்கறி வாங்கவும், பஸ்ஸில் டிக்கெட் கேட்கவும், மேஸ்திரியிடம் கூலி பேசவும் போதிய கன்னடம் பலரிடமும் உண்டு. ஆனால், "மனசு விட்டுப்போச்சு", "நெஞ்சை அடைக்குது", "யாரோ காதிலே பேசற மாதிரி இருக்கு" என்பதைக் கடைத்தெருக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் துணைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. பத்து வயதுப் பையனை நடுவில் வைத்துக்கொண்டு, சாக வேண்டும் போலிருக்கிறது என்று எந்தத் தாய் சொல்வாள்? கணவன் மொழிபெயர்க்க, கணவனின் அடியைப் பற்றி எந்தப் பெண் பேசுவாள்? வாய்வரை வந்த சொல் உள்ளே போய்விடுகிறது. டாக்டர் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்.

2017ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 முதல் அமலில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. நோயின் தன்மை, தரப்படும் சிகிச்சை, அதன் பின்விளைவுகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 22வது பிரிவு கூறுகிறது. எனவே, "தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேட்பது சலுகை கோருவது ஆகாது. பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் டாக்டர்களும் நர்சுகளும் சமூகப் பணியாளர்களும் அரிதல்ல. கேட்காதவருக்கு அவர்கள் வந்து சேர மாட்டார்கள் என்பதுதான் குறை.

இது கன்னடத்துக்கு எதிரான கோரிக்கையும் அல்ல. மாநில மொழியைக் கற்பது இங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் நன்மையே. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசாக்காரருக்கும், மும்பையில் ஓட்டல் நடத்தும் கன்னடியருக்கும் இதே சட்டம் இதே உரிமையைத் தருகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் படி, டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ந் தேதி, உலக மனநல நாளன்று இதைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழ் உள்பட 20 மொழிகளில் சேவை உண்டு. தொடக்கத்திலேயே மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார், அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரியைச் சொல்வார். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் அறைக்குத் திரும்புபவருக்கும், வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கும் இதைவிட எளிய வாசல் வேறில்லை. நோயாளியே பேச வேண்டும் என்பதில்லை. அவருக்காகக் கவலைப்படும் அறைத்தோழரும் பேசலாம்.

இரண்டாவது, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரி. சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லோரும் நிம்ஹான்ஸுக்கே ஓட வேண்டிய அவசியமில்லை. நகரத்துக்கு வெளியே, ஆனேக்கல், ஹொசகோட்டை, தங்கவயல் பக்கம் இருப்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தால் அவர்களே சாதாரண மனநோய்களைக் கவனிக்க முடியும் என்று 1980களில் நிம்ஹான்ஸ் நடத்திக் காட்டியது கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில்தான். அந்த முன்மாதிரியே 1996 முதல் நாடு முழுவதற்கும் திட்டமாக விரிந்தது. 2014ல் கர்நாடக அரசு தொடங்கிய மனோசைதன்யா திட்டத்தில், குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. எந்தச் செவ்வாய் என்பதை முன்னதாக விசாரித்துச் செல்வது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, நிம்ஹான்ஸ். நோய் முற்றியிருந்தால், பல ஆண்டு வைத்தியத்தில் குணம் காணாவிட்டால், குடியை விட முடியாமல் தவித்தால் அங்கே செல்லலாம். குடி, போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவசரச் சிகிச்சை எந்நேரமும் உண்டு. ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால் விடியும்வரை காத்திராமல், அவரைத் தனியே விடாமல், உடனே அழைத்துச் செல்ல வேண்டும். நோய் என்று சொல்லுமளவுக்கு இல்லை, மனச்சுமைதான் என்பவர்களுக்காக பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் ஒரு நலவாழ்வு மையத்தை நடத்துகிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூச்சப்படுபவர்களுக்கு அது ஏற்ற இடம்.

போகுமுன் செய்ய வேண்டியவை

முதல் நாள் காலையிலேயே போய்ப் பதிவு செய்ய வேண்டும். முழு நாளும் ஆகலாம் என்று எண்ணிச் சாப்பாட்டுடன் செல்வது நல்லது. ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், டாக்டர் முன் நா எழாதபோது அந்தத் தாள் பேசும். கூடவே இருந்து பார்த்தவர் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். அவர் சிறு பிள்ளையாக இருக்கக் கூடாது. நோயாளி தனியாக டாக்டரிடம் பேச விரும்பினால் துணைக்கு வந்தவர் வெளியே வந்துவிட வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை காய்ச்சல் மாத்திரை போல மறுநாளே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகலாம். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு "பயனில்லை" என்று நிறுத்துபவர்களும், குணம் தெரிந்தவுடன் "இனி வேண்டாம்" என்று நிறுத்துபவர்களும் மீண்டும் விழுகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் துணிமணியோடு அத்தனை நாளுக்குமான மாத்திரையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

வேலையும் பணமும்

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று தெரிந்தால் வேலை போய்விடும், தங்கைக்குக் கலியாணம் ஆகாது" என்ற பயமே பலரையும் தடுக்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 23வது பிரிவு ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே சேர்ந்தால் திரும்ப வர முடியாது என்பதும் பழைய காலத்துப் பேச்சு. மிகப் பெரும்பாலோர் மருந்து பெற்று அன்றே வீடு திரும்புகிறார்கள். தாமாக விரும்பிச் சேர்ந்தவர் தாமாகவே வெளியேறக் கேட்கலாம். தேவையென்று கருதினால் 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைத்துப் பரிசோதிக்க டாக்டருக்கு அதிகாரம் உண்டு.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெற உரிமை உண்டு என்று 18வது பிரிவு கூறுகிறது. ரேஷன் கார்டு சொந்த ஊரிலேயே இருக்க, இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. கவுண்டரில் அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினால், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படும் தொழிலாளிக்கு மனநோய்க்கும் அதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. டாக்டர் சான்று இருந்தால் சாதாரண நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்கள் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. குறிப்பிட்ட காலம் சந்தா செலுத்தியவருக்கு அவற்றுக்காக 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை நீடிக்கலாம். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். உடல் நோய்க்கு எந்த முறையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே முறையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்பது 2018 முதல் கம்பெனிகளுக்கு விதிக்கப்பட்ட கடமை.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி வீட்டிலேயே மறைத்து வைத்தவர்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டியதில்லை. கடும் மன அழுத்தத்தில் முயன்றவராகவே அவரைக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, கவனிப்பு அளிக்க வேண்டும் என்கிறது 115வது பிரிவு. அந்த முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

கோயிலும் தர்காவும்

நோயாளியைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிச் செல்வதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை மனத்துக்கு ஆறுதல் தருகிறது. ஆனால், அங்கே கொண்டு விட்டுவிட்டுத் திரும்புவது வேறு விஷயம். 2001 ஆகஸ்ட் 6ந் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களையும் யாரோ ஒரு தாயும் அண்ணனும் நம்பிக்கையோடுதான் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி தடை செய்யப்பட்டது. திருநீறும் தீர்த்தமும் மாத்திரையோடு சேர்ந்தே போகலாம். மாத்திரைக்குப் பதிலாகப் போகக் கூடாது.

யார் செய்ய வேண்டியது?

2011ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 21 லட்சம் பேர். இவ்வளவு பேர் வாழும் மாநிலத்தில், தமிழர் மிகுந்த பகுதிகளின் அரசு ஆஸ்பத்திரிகளில் மனநோய்ப் பிரிவுக்கு வழி காட்டும் ஒரு பலகை தமிழிலும் இருப்பது பெரிய செலவாகாது. தமிழ் பேசும் ஆலோசகர் எந்த நாளில் இருப்பார் என்று எழுதிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். சட்டம் சொல்லும் "புரியும் மொழி" ஏட்டில் இருந்தால் போதாது. கவுண்டரில் இருக்க வேண்டும்.

அரசை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதும் சரியன்று. பெங்களூரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பேட்டையிலும் கோயில் கமிட்டியும் நண்பர் மன்றமும் இருக்கின்றன. ஆண்டு விழாவுக்குத் திரளும் இளைஞர்களில் பத்துப் பேர், வாரத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி வரை துணைக்குப் போய் மொழிபெயர்க்க முன்வந்தால் அதுவே பெரும் தொண்டு. அவர்களுக்கு வேண்டிய தகுதி இரண்டு: இரு மொழியும் தெரிய வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தொழிற்சாலை நோட்டீஸ் பலகையில் சம்பளத் தேதிக்குப் பக்கத்தில் 14416 என்ற எண்ணைத் தமிழில் எழுதி ஒட்டத் தொழிற்சங்கத்துக்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது.

அறையில் நான்கு பேர் தங்கியிருக்கும்போது ஒருவர் பேச்சை நிறுத்தினால், சாப்பாட்டைத் தள்ளினால், கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவிட்டு விடைபெறுவது போலப் பேசினால், மற்ற மூவரும் அதைக் கவனிக்க வேண்டும். "என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒரு ஷிப்டை விட்டுக்கொடுத்து அவரோடு பஸ் ஏற வேண்டும். அந்த பஸ் ஓசூருக்குப் போகத் தேவையில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.